குதிகால் வலிக்கு எந்த ஊசி: ஸ்டீராய்டா, பிஆர்பியா, இல்ல வேறயா?

கேள்வி இதான்: அம்மாவுக்கு 52 வயசு, ஸ்கூல் டீச்சர், சுகர் இருக்கு. ஒன்றரை வருஷமா வலது குதிகால்ல வலி, காலைல எந்திரிச்சு முதல் அடி வைக்கறப்ப உயிர் போகுது. எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ந்திருக்குன்னு சொல்லி ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டாங்க, ரெண்டு மாசம் நல்லா இருந்துட்டு திரும்ப வந்திருச்சு. இப்ப ஒரு டாக்டர் இன்னொரு ஸ்டீராய்டு போடலாங்கறார், இன்னொருத்தர் பிஆர்பி, அதாவது நம்ம ரத்தத்துலருந்தே பிளேட்லெட் பகுதியப் பிரிச்சுப் போடற ஊசி, அதப் போடுங்கறார். எதுக்குப் போறது?

நான் பிசியோதெரபிஸ்ட். ஊசி போடறது என் வேலை இல்ல, ஆனா ஊசி போட்டுட்டு வர்றவங்க, ஊசி வேணாம்னு ஓடி வர்றவங்க, மூணு ஊசி போட்டும் சரியாகாம வர்றவங்கன்னு எல்லாரையும் பாக்கறேன், அதனால எனக்கு எந்த ஊசி மேலயும் தனிப் பாசம் கிடையாது. என் அபிப்பிராயத்த முதல்லயே சொல்லிடறேன், இப்ப உடனே ரெண்டாவது ஸ்டீராய்டு வேணாம். பிஆர்பி போடலாம், தப்பில்ல, ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் நடந்திருக்கணும். ஒண்ணு, வலி உண்மையிலயே பாதத்துக்கு அடியில இருக்கற சவ்வுலருந்துதான் வருதான்னு ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்ல பாத்திருக்கணும். ரெண்டு, அம்மா ஒழுங்கா மூணு மாசம் கெண்டைக்கால் பயிற்சி பண்ணியிருக்கணும், சும்மா பந்து உருட்டறது கணக்குல வராது.

முதல்ல அந்த "எலும்பு வளர்ந்திருக்கு" சமாச்சாரத்த முடிச்சிடுவோம், ஏன்னா நம்ம ஊர்ல பாதிப் பேர் பயப்படறதே அதுக்குத்தான். குதிகால் எலும்புக்கு அடியில முள்ளு மாதிரி ஒரு நீட்டம் எக்ஸ்ரேல தெரியும், சரி, ஆனா வலியே இல்லாத ஆளுங்க கால எக்ஸ்ரே எடுத்தாலும் நெறைய பேருக்கு அது இருக்கும். எந்த ஊசியும் அதக் கரைக்காது, கரைக்க வேண்டிய அவசியமும் இல்ல. முள்ளு அப்படியே இருக்கும், வலி போயிடும், இது தினமும் பாக்கறதுதான்.

வலி பெரும்பாலும் பிளான்டர் ஃபேசியாங்கற சவ்வுல இருக்கு. குதிகால் எலும்புக்கு அடியில உள்பக்கமா ஒட்டி, பாதம் பூரா ஓடி விரல்கள் வரைக்கும் போற தடிச்ச பட்டை அது. நாம நடக்கறப்ப கட்டைவிரல் மேல மடங்கும் பாருங்க, அப்ப இந்தப் பட்டை முறுக்கிக்கிட்டு வளைவத் தூக்கும், ஒவ்வொரு அடிக்கும். வருஷக்கணக்கா நின்னு வேலை பாத்து, வெயிட் கொஞ்சம் ஏறி, கெண்டைக்கால் சதை இறுகிப்போய் இருந்தா எலும்புல ஒட்டற இடத்துல நார் நைஞ்சு போகும். 2003ல அமெரிக்காவுல ஆபரேஷன் பண்ணி எடுத்த 50 பேரோட திசுவ மைக்ராஸ்கோப்ல பாத்தாங்க, வீக்கத்துக்கான அணுக்கள் இல்ல, நார் சிதைஞ்சதுதான் இருந்துச்சு. நாள்பட்ட குதிகால் வலிக்கு ஊசிய ஒப்பிடணும்னா இது முக்கியம், ஏன்னா ஸ்டீராய்டு வீக்கத்த அடக்கற மருந்து, இங்க இருக்கறதோ பெரும்பாலும் தேய்மானம். அப்புறம் ஏன் ஸ்டீராய்டு போட்டா வலி குறையுதுன்னு கேப்பீங்க. வலி நரம்ப அமைதிப்படுத்துது, தடிச்ச சவ்வ சுருக்குது, அதனால குறையுது. ஆனா நைஞ்ச நாரப் புதுசா கட்டித் தராது.

இப்ப ஸ்டீராய்டு. நம்ம பக்கம் வழக்கமா போடறது டிரையம்சினலோன், அதாவது கெனகார்ட், இல்லன்னா மெத்தில் பிரெட்னிசலோன், அது டெப்போ மெட்ரால். கூடவே மரத்துப்போற மருந்து கொஞ்சம் கலப்பாங்க. நல்லா போடறவங்க எப்படிப் போடுவாங்கன்னா, பேஷன்ட்ட ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, கட்டைவிரலால குதிகாலோட உள்பக்கம் அழுத்தி எங்க துள்றாங்கன்னு பாத்து, தோல் மெலிசா இருக்கற உள்பக்கத்துலருந்து ஊசிய ஏத்துவாங்க. நேரா அடிப்பாதத்துல குத்தினா வலியும் ஜாஸ்தி, மருந்து குதிகால் கொழுப்புக்குள்ள போற வாய்ப்பும் ஜாஸ்தி. அல்ட்ராசவுண்ட் ப்ரோப் வச்சுப் பாத்துக்கிட்டே போட்டா இன்னும் நல்லது.

பலன் எவ்வளவு நாள்? 2012ல ஆஸ்திரேலியாவுல 82 பேர வச்சு ஒரு நல்ல சோதனை பண்ணாங்க, பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, பாதிப் பேருக்கு உப்புத்தண்ணி, ரெண்டுமே ஸ்கேன் பாத்துப் போட்டது. நாலாவது வாரத்துல ஸ்டீராய்டு போட்டவங்களுக்கு வலி நல்லா குறைஞ்சிருந்துச்சு. எட்டாவது வாரம், பன்னெண்டாவது வாரம் பாத்தா வலில ரெண்டு பக்கமும் சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல, சவ்வோட தடிமன் மட்டும் பன்னெண்டு வாரம் வரைக்கும் குறைஞ்சே இருந்துச்சு. 2017ல காக்ரேன் அமைப்பு 39 ஆய்வுகள ஒண்ணா சேத்து அலசிட்டு கிட்டத்தட்ட இதையேதான் சொன்னாங்க, ஒரு மாசம் வரைக்கும் கொஞ்சம் பலன், அதுக்கப்புறம் இல்ல, அந்த ஒரு மாசத்துக்கே ஆதாரம் அவ்வளவு பலமா இல்லன்னு. உங்கம்மாவுக்கு ரெண்டு மாசம் கேட்டுச்சுன்னா அது ஊசி ஃபெயிலானது இல்ல, ஊசி அதோட வேலைய முடிச்சிட்டு கிளம்பிடுச்சு, அவ்வளவுதான். அந்த ரெண்டு மாசம் வலி இல்லாம இருந்தப்ப காலுக்கு பயிற்சி குடுத்திருந்தா கதை வேற மாதிரி போயிருக்கலாம், ஆனா பெரும்பாலும் யாரும் அதச் சொல்லி அனுப்பறதில்ல, பேஷன்ட்டும் வலி போச்சேன்னு விட்டதெல்லாம் சேத்து நடக்க ஆரம்பிச்சிடறாங்க.

ஆபத்துன்னு பாத்தா பெரிய பயம் சவ்வு கிழியறது. 1998ல ரெண்டு அமெரிக்க டாக்டர்கள் எழுதினாங்க, 765 பேர்ல 51 பேருக்கு சவ்வு கிழிஞ்சிருந்துச்சு, அதுல 44 பேர் முன்னாடி ஸ்டீராய்டு ஊசி போட்டவங்க. இத வச்சு ஊசி போட்டா கிழியும்னு பயந்துடாதீங்க, அது கிழிசல் சந்தேகத்தோட வந்தவங்களும் கலந்த ஒரு ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கோட கணக்கு, ஸ்கேன் பாத்துப் போடாத காலம் வேற. ஆனா ஊசி எண்ணிக்கை ஏற ஏற ஆபத்தும் ஏறுங்கறதுல பெரும்பாலான டாக்டர்களுக்கு மாத்துக்கருத்து இல்ல. ரெண்டாவது, குதிகால் கொழுப்பு கரையறது. இதத்தான் நான் அதிகமா வெறுக்கறேன். குதிகாலுக்கு அடியில இயற்கை குடுத்த மெத்தை அது, அது மெலிஞ்சு போச்சுன்னா திரும்ப வராது, அப்புறம் டைல்ஸ் தரையில வெறுங்கால்ல நடந்தாலே எலும்பு நேரா தரையில இடிக்கற மாதிரி இருக்கும். மூணு நாலு ஊசி போட்டவங்க குதிகால அழுத்திப் பாத்தா விரலுக்கு அடியிலயே எலும்பு தட்டுப்படும். மூணாவது சின்ன விஷயம், ஊசி போட்ட இடத்துல தோல் வெளுத்துப்போறது, நம்ம நிறத்துக்கு அது பளிச்சுன்னு தெரியும், நெறைய பேருக்கு மாசக்கணக்குல தானா சரியாகும்.

சுகர் இருக்கறவங்களுக்கு தனியா ஒண்ணு. ஸ்டீராய்டு போட்டா ரத்தச் சர்க்கரை ஏறும், ரெண்டு மூணு நாள், சிலருக்கு ஒரு வாரம் வரைக்கும் இழுக்கும். கட்டுப்பாட்டுல இருக்கறவங்களுக்கு இது பெரிய விஷயமில்ல, அந்த வாரம் வீட்லயே குளுக்கோமீட்டர்ல பாத்துக்கிட்டாப் போதும். ஏற்கெனவே எச்பிஏ1சி, அதாவது மூணு மாச சராசரி சர்க்கரை அளவு, ஒன்பது பத்துன்னு இருக்கறவங்க மொதல்ல அத எறக்கிட்டு வர்றதுதான் புத்திசாலித்தனம், ஏன்னா பாதத்துல எந்த ஊசி போட்டாலும் புண், கிருமி பயம் இருக்கு.

இப்ப பிஆர்பி. பேர்தான் பெருசு, விஷயம் சிம்பிள். கையிலருந்து 20, 30 மில்லி ரத்தம் எடுத்து சென்ட்ரிஃப்யூஜ்ல வச்சு சுத்துவாங்க. டியூப்ப வெளிய எடுத்தா அடியில கருஞ்சிவப்பா ரத்த அணுக்கள், மேல வைக்கோல் நிறத்துல தெளிஞ்ச பிளாஸ்மா, நடுவுல நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோட்ட ஒட்டின பகுதிலதான் பிளேட்லெட்டுகள், அதாவது ரத்தத்த உறைய வைக்கற சின்ன அணுக்கள், செறிவா இருக்கும். அத மூணுலருந்து அஞ்சு மில்லி உறிஞ்சி நைஞ்ச இடத்துல அங்கங்க குத்தி குத்தி எறக்குவாங்க. பிளேட்லெட்டுலருந்து வர்ற வளர்ச்சிக் காரணிகள் அந்த இடத்துல ஆறற வேலைய புதுசா கிளப்பி விடும்ங்கறதுதான் தத்துவம். அதனாலயே போட்ட மொத நாலஞ்சு நாள் வலி ஏறும், சிலர் என்னடா இது இருந்தத விட மோசமாயிடுச்சேன்னு போன் பண்ணுவாங்க, அது எதிர்பாக்கறதுதான். அதுக்கு புரூஃபென், டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரை சாப்பிடக்கூடாதும்பாங்க, பாராசிட்டமால், ஐஸ் போதும். ஊசிக்கு முன்னாடியும் ஒரு வாரம் அந்த மாத்திரைகள நிறுத்தச் சொல்லுவாங்க. அம்மா இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிட்டா அத நீங்களா நிறுத்தாதீங்க, எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான்.

பலன் மெதுவாத்தான் தெரியும். ஆறு வாரம் கழிச்சு லேசா, மூணு மாசத்துல நல்லா, அப்படித்தான் போகும். அமெரிக்காவுல மான்ட்டோன்னு ஒரு எலும்பு டாக்டர் 2014ல 40 பேர வச்சு வெளியிட்டது பிரபலம், பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, பாதிப் பேருக்கு பிஆர்பி, ரெண்டு வருஷம் தொடர்ந்து பாத்தாங்க. கால் எவ்வளவு நல்லா இருக்குன்னு 100க்கு போடற மார்க்குல ஸ்டீராய்டு குரூப் 52ல ஆரம்பிச்சு மூணு மாசத்துல 81க்கு ஏறி, ஒரு வருஷத்துல 58க்கு எறங்கி கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்திருச்சு. பிஆர்பி குரூப் 37ல ஆரம்பிச்சு 95க்குப் போயி ரெண்டு வருஷம் கழிச்சும் 92ல நின்னுச்சு. பிஆர்பி விக்கறவங்க எல்லாரும் காட்டற கணக்கு இதுதான், கேட்டா அசந்துடுவோம், ஆனா 40 பேர்ங்கறது ரொம்பச் சின்ன கூட்டம், யாருக்கு என்ன போட்டோம்ங்கறதும் மறைச்சு வைக்கல. இதவிட நான் நம்பறது 2019ல நெதர்லாந்துல 115 பேர வச்சுப் பண்ணினது. அதுல ஒரு வருஷ முடிவுல கால்வாசியாவது வலி குறைஞ்சவங்க பிஆர்பில நூத்துக்கு 84 பேர், ஸ்டீராய்டுல 56 பேர். பிஆர்பிதான் ஜெயிச்சுது, ஆனா மான்ட்டோ கணக்கு அளவுக்கு இல்ல, ஸ்டீராய்டுலயும் பாதிக்கு மேல தேறியிருக்காங்க பாருங்க.

இதுல யாரும் சத்தமா சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. பிஆர்பிய ஸ்டீராய்டோட ஒப்பிட்ட ஆய்வு நெறைய, வெறும் உப்புத்தண்ணி ஊசியோட ஒப்பிட்டது கம்மி. இங்கிலாந்துல 28 பேர வச்சு அப்படி ஒண்ணு பண்ணிப் பாத்ததுல ரெண்டு பக்கமும் வலி குறைஞ்சுது, ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் கிடைக்கல. ரொம்பச் சின்ன ஆய்வுதான், அத வச்சு பிஆர்பி சும்மான்னு சொல்லிட முடியாது. ஆனா ஊசி முனையால நைஞ்ச இடத்துல பத்து தடவ குத்தறதே ஓரளவு வேலை செய்யுதோங்கற சந்தேகம் எனக்கு உண்டு. இன்னொரு தலைவலி, ஒவ்வொரு லேப்லயும் சுத்தற வேகம் வேற, எடுக்கற பகுதி வேற, அதனால உங்க ஊர்ல போடற பிஆர்பியும் நெதர்லாந்துல போட்டதும் ஒண்ணான்னா அது யாருக்கும் தெரியாது. விலையும் அப்படித்தான், ஸ்டீராய்டு சில நூறுல முடியறப்ப இது ஆயிரக்கணக்குல போகும், ஒரே ஊர்ல ரெண்டு ஆஸ்பத்திரில ரெண்டு ரேட்டு. மூணு ஊசி பேக்கேஜ்னு முன்பணம் கேட்டா எந்திரிச்சு வந்துடுங்க, நான் மேல சொன்ன மான்ட்டோ, நெதர்லாந்து ரெண்டு ஆய்வுலயும் போட்டது ஒரே ஊசிதான்.

மத்ததெல்லாம் வேகமா சொல்லிடறேன். ரத்தத்த சுத்தாம அப்படியே எடுத்துப் போடறது ஒண்ணு இருக்கு, 2007ல மலேசியாவுல 64 பேர வச்சு அதையும் ஸ்டீராய்டையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க, ஆறு வாரம், மூணு மாசத்துல ஸ்டீராய்டுதான் மேல இருந்துச்சு, ஆறு மாசத்துல ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. டெக்ஸ்ட்ரோஸ் ஊசி, அதாவது செறிவான குளுக்கோஸ் கரைசல், புரோலோதெரபிம்பாங்க. மருந்து விலை மலிவு, போடற அளவு சின்னதுதான், ஆதாரம் இப்பதான் வளந்துக்கிட்டு இருக்கு, பிஆர்பிக்கு காசு கட்டுப்படியாகாதுன்னா நல்லா தெரிஞ்சவர்கிட்ட போடலாம். போடாக்ஸ், அதாவது சதையத் தளர்த்தற ஊசி, எனக்குப் பிடிச்ச ஐடியா, குறிப்பா கெண்டைக்கால் சதையில போடறது, 2013ல மெக்சிகோல 36 பேர வச்சு, ஒரு குரூப்புக்கு அப்படியும் இன்னொரு குரூப்புக்கு ஸ்டீராய்டும் போட்டு ஸ்ட்ரெச்சிங்கும் சேத்துக் குடுத்ததுல போடாக்ஸ் ஸ்டீராய்ட விட நல்லா வந்துச்சு, கெண்டை இறுகறதுதான் பல பேருக்கு மூலமேங்கறப்ப அது நியாயமாத்தான் படுது, ஆனா விலையும் கேட்டுக்கோங்க, கொஞ்ச நாளைக்கு கெண்டை பலம் குறையும்ங்கறதையும் கேட்டுக்கோங்க. ஷாக்வேவ், அதாவது வெளியருந்து மெஷினால அதிர்வலை குடுக்கறது, ஊசியே இல்ல, ஆனா ஒப்பிடறப்ப விட முடியாது, வாரம் ஒண்ணுன்னு மூணு தடவ வழக்கம், குதிகால்ல டக்டக்னு அடிக்கறப்ப வலிக்கும், நாள்பட்ட வலிக்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கு, சுகர்காரங்களுக்கு குத்தறது இல்லங்கறது ஒரு நிம்மதி.

சரி, பயிற்சி. 2015ல டென்மார்க்ல ராத்லெஃப்னு ஒருத்தர் தலைமைல 48 பேர வச்சுப் பாத்தது இது. வெறும் ஸ்ட்ரெச்சிங் ஒரு குரூப், பாரம் ஏத்தற பயிற்சி ஒரு குரூப், மூணு மாசத்துல பாரம் ஏத்தின குரூப் தெளிவா முன்னாடி இருந்துச்சு, ஒரு வருஷத்துல ரெண்டும் சமமாயிடுச்சு. பண்ற விதம்: மாடிப்படி விளிம்புல முன்பாதத்த வச்சு நில்லுங்க, கைப்பிடியப் பிடிச்சுக்கோங்க. ஒரு துண்ட இறுக்கமா சுருட்டி விரல்களுக்கு அடியில மட்டும் வையுங்க, விரல் மேல்நோக்கி மடங்கி நிக்கணும், இத விட்டுட்டா சவ்வு மேல பாரம் கம்மியாத்தான் விழும், பெரும்பாலும் கெண்டைப் பயிற்சியாப் போயிடும். வலிக்கற கால்ல மட்டும் நின்னு மூணு செகண்ட்ல குதிகால மேல தூக்கி, ரெண்டு செகண்ட் நிறுத்தி, மூணு செகண்ட்ல மெதுவா எறக்கணும். ஒண்ணு விட்டு ஒரு நாள். ஒத்தக் கால்ல முடியலன்னா ரெண்டு கால்ல ஆரம்பிக்கலாம், பழகின அப்புறம் முதுகுல பையப் போட்டு அதுல புத்தகத்த அடுக்கிக்கிட்டே போகணும். டீச்சர் வீட்ல புத்தகத்துக்கா பஞ்சம். பண்றப்ப வலி லேசா இருக்கலாம், மறுநாள் காலைல முதல் அடி வழக்கத்த விட மோசமா இருந்தா பாரத்தக் குறைங்க.

கூடவே காலைல கட்டில்லருந்து எறங்கறதுக்கு முன்னாடி, கால மடக்கி தொடை மேல போட்டு கையால விரல்கள முழங்கால் பக்கமா இழுத்துப் பிடிச்சு பத்து எண்ணி விடணும், பத்து தடவ. பாதத்து நடுவுல கம்பி மாதிரி விறைக்கறது இன்னொரு கைக்குத் தெரியணும். வீட்டுக்குள்ள வெறுங்கால் வேணாம், எம்சிஆர் செருப்பு, அதாவது மெத்துன்னு ரப்பர் அடி இருக்கறது, போட்டுக்கட்டும். வீட்டுக்குள்ள செருப்பான்னு மாமியார் முறைச்சா வீட்டுக்குன்னு தனி ஜோடி வாங்கிக் குடுங்க, பூஜை ரூம் வாசல்ல கழட்டிக்கலாம்.

ஊசியும் பயிற்சியும் சேந்தா? அதையும் டென்மார்க்லயே 180 பேர வச்சுப் பாத்து 2023ல வெளியிட்டாங்க. அறிவுரையும் குதிகால் மெத்தையும் மட்டும் ஒரு குரூப், அதோட பயிற்சி ஒரு குரூப், அதோட ஸ்டீராய்டும் சேத்து ஒரு குரூப். மூணும் சேந்த குரூப்தான் முன்னாடி வந்துச்சு, ஆனா வித்தியாசம் சின்னது, பேஷன்ட் உணர்ற அளவுக்கு பெருசான்னா இல்லன்னு அவங்களே எழுதியிருக்காங்க. அதனால ஸ்டீராய்ட முழுசா ஒதுக்கவும் நான் சொல்லல. பரீட்சை டியூட்டி, வீட்ல கல்யாணம், இன்னும் ஒரு மாசம் நின்னே ஆகணும்னு ஒரு நிலைமை இருந்து இதுவரைக்கும் ஊசியே போடாத ஆளா இருந்தா ஸ்கேன் பாத்து ஒரு ஸ்டீராய்டு போட்டுக்கறது நியாயம்தான். உங்கம்மா நிலைமை வேற, ஒண்ணு போட்டாச்சு, சுகர் இருக்கு, அவசரமும் எதுவும் சொல்லல.

ஸ்கேன் ஏன் சொல்றேன்னா, நல்ல சவ்வு நாலு மில்லிமீட்டருக்குள்ள இருக்கும், அதுக்கு மேல தடிச்சு கருமையா தெரிஞ்சா நோய் அங்கதான். தடிமன் சரியா இருந்து வலி மட்டும் இருந்தா எந்த ஊசியும் போடாதீங்க, வேற காரணம் தேடணும். குதிகால ரெண்டு பக்கமும் உள்ளங்கையால அழுத்தினா சுரீர்னா எலும்புல விரிசல் இருக்கலாம். ராத்திரி படுத்தப்புறம் எரிச்சல், மதமதப்புன்னா நரம்பு, சுகர்காரங்களுக்கு அது ரொம்ப சகஜம். நடுக்குதிகால்ல மட்டும் வலி, முதல் அடிய விட நடக்க நடக்க ஜாஸ்தின்னா கொழுப்பு மெத்தைல பிரச்னை, அங்க ஸ்டீராய்டு போட்டா எரியற தீயில எண்ணெய்தான். சின்ன வயசுக்காரங்களுக்கு ரெண்டு குதிகாலும் வலிச்சு காலைல இடுப்பும் அரை மணி நேரத்துக்கு மேல இறுகியே இருந்தா நேரா ரூமட்டாலஜிஸ்ட்கிட்ட போகணும், அது வாத நோயோட ஆரம்பமா இருக்கலாம்.

பிஆர்பின்னு முடிவு பண்ணிட்டா போடற டாக்டர்கிட்ட இதெல்லாம் கேளுங்க: ஸ்கேன் பாத்துப் போடுவீங்களா, எந்தப் பக்கத்துலருந்து, எத்தன ஊசி, போட்ட அப்புறம் எப்ப பயிற்சி ஆரம்பிக்கலாம். மொத ரெண்டு வாரம் பொதுவா பாரம் ஏத்தாம வச்சிருப்போம், அதனால லீவு இருக்கற சமயமாப் பாத்து போட்டுக்கறது டீச்சருக்கு சௌகரியம். நடந்துக்கிட்டு இருக்கறப்ப பாதத்துல பட்டுன்னு அறுந்த மாதிரி இருந்து உள்பக்கம் நீலம் பாரிச்சா, எந்த ஊசி போட்டவங்களா இருந்தாலும், கால ஊணாம அன்னைக்கே டாக்டரப் பாருங்க.